உறைய மறுத்த பால்

புங்குடுதீவிலிருந்து நெடுந்தீவுக்கு லோஞ்சில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சவிரிமுத்து மூன்று புனிதர்களுக்கு நேர்த்தி வைத்துவிட்டான். காலையில் சாப்பிட்ட புட்டை இரண்டு தவணையாகக் கடலுக்குக் கொடுத்தும் விட்டான். ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவன், பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் கொண்டக்டராகத் தொங்கியவன். ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் மட்டும் முகம் பச்சையாகிவிடும்.

"மிஸ், அடுத்த களவைத் தரையிலை செய்யச் சொல்லி ஆருக்காவது கடிதம் போடுங்கோ" என்றான்.

சத்தியபாமா சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த கடிதத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. கொழும்பில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் ஏழு வருடம் பற்றீரியாக்களோடு குடும்பம் நடத்தியவள். பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்து, கஸ்தூரியார் வீதியில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அந்த அலுவலகத்தில் இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு சவிரிமுத்து.

கடிதம் சிறியது. "பெனிசிலின் ஆறு குப்பி காணாமற் போனது. நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சபை கூடி என்னை விலக்கப் போகிறது. அதற்கு முதல் வாருங்கள். மேரிஜோசப்பின், நேர்ஸ்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. 1974ஆம் ஆண்டு, பங்குனி மாதம், காலை எட்டரை மணி.

மருந்துச்சாலை தீவார் சேர்ந்து நடத்துகிற சின்னக் கட்டடம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் மேரிஜோசப்பின்தான். இருபத்தாறு வயதுப் பெண். அழுது முடித்து, முகம் கழுவி, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகம். அறை மூலையில் அவளுடைய தகரப்பெட்டி கட்டி வைத்தபடி இருந்தது.

"எத்தனை குப்பி இருந்தது?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"பத்து. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்ணிப்போட்டுத்தான் கோயிலுக்குப் போனனான். திங்கள் காலமை திறந்தால் நாலுதான் கிடந்தது. அந்த நாலையும் நாளுக்கு ஒண்டாய் அன்னமுத்துவுக்குப் போட்டன். நேற்றோடை முடிஞ்சுது."

"அன்னமுத்து ஆர்?"

"கருவாடு போடுற மனுசி. திருக்கை முள்ளுக் குத்திக் கால் தொடைவரை வீங்கிக் கிடந்தது. இப்பதான் வத்துது. இன்னும் ரெண்டு ஊசி கட்டாயம் போடவேணும். மருந்து யாழ்ப்பாணத்திலையிருந்து திங்கட்கிழமைதான் வரும். இடையிலை விட்டால் திருப்பி ஏறும், மிஸ்."

அலுமாரிப் பூட்டு உடைந்திருக்கவில்லை. கதவுப் பூட்டும் அப்படியே. இரண்டு பூட்டுக்குமான திறப்புக் கோவை இரண்டு. ஒன்று மேரிஜோசப்பினிடம். மற்றது சபைத் தலைவர் பரமலிங்கத்திடம்.

"அவர் ஞாயிற்றுக்கிழமை விடியவே யாழ்ப்பாணத்துக்குக் கலியாணவீட்டுக்குப் போனவர். செவ்வாய்தான் வந்தவர். வந்து ஒரு மணித்தியாலத்திலை, ரெண்டு திறப்புக்காரரிலை நான் யாழ்ப்பாணத்திலை நிண்டனான், அப்ப எடுத்தது நீர்தான் எண்டு முடிச்சுப்போட்டார்."

"திறப்பைக் கலியாணத்துக்குக் கொண்டுபோனவரோ?"

"அதை நான் எப்பிடிக் கேக்கிறது?"

சத்தியபாமா அலுமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை பார்த்தாள். ஊசி போடும் குழல்கள் ஒரு தட்டத்தில் வரிசையாகக் கிடந்தன. "இதிலை எத்தனை குறைஞ்சுது?"

"ஒண்டும் இல்லை. ஊசியும் அப்பிடியே கிடக்கு."

"இந்தத் தீவிலை வேறை ஆரிட்டை ஊசி இருக்கு?"

"நானறிய, ஒருத்தரிட்டையும் இல்லை."

சத்தியபாமா சவிரிமுத்துவைப் பார்த்தாள். "ஊசி இல்லாமல் ஊசிமருந்தை எடுத்தவன் அதை என்ன செய்வான்?"

"குடிப்பான், மிஸ். கள்ளுத் தவறணை பூட்டியிருந்தால் மனுசன் என்னத்தைத்தான் குடிக்கான்."

"பகிடி விடாமல் யோசியும்."

"யோசிச்சுத்தான் சொன்னனான். வயிறு வெறுமையாய்க் கிடக்கு. அதுக்கு மேலை யோசனை வராது."

அது ஒன்றுதான் அன்று காலை அவன் சொன்னதில் உருப்படியானதாக முடிந்தது. மேரிஜோசப்பின் தான் குடியிருக்கும் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வளவு தள்ளி, கல் அடுக்கிய மதிலுக்குப் பின்னால் அருளம்மாவின் வீடு. அருளம்மா தயிர் போட்டு விற்கிற பெண். குரல் கடற்கரைவரை கேட்கும்.

குசினி வாசலில் இரண்டு பெரிய சட்டி நிறையப் பால் கிடந்தது. அருளம்மா அதற்கு முன்னால் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரையக்கா ஏசுறியள்?" என்றான் சவிரிமுத்து.

"கண்ணூறு போட்டவளை! முந்தநாள் உறைபோட்ட பால் உறையேல்லை. சட்டி பழுதாக்கும் எண்டு புதுச்சட்டி எடுத்தன். நேற்றும் உறையேல்லை. பதினாறு வருசமாய்த் தயிர் போடுறன், தம்பி. ஒரு நாள் தவறினதில்லை."

"வெள்ளிக்கிழமையெண்டு பால் விரதம் பிடிக்குதாக்கும்."

"முந்தநாள் புதன்கிழமையடா!"

சத்தியபாமா செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டாள். அவள் அப்படி நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்பது சவிரிமுத்துவுக்குத் தெரியும்.

"உறைமோர் எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"என்ர மோர்தான். என்ர மாட்டுப் பாலுக்கு அதே மோரைத்தான் விட்டனான். வீட்டுப் பாவிப்புக்கு வைச்ச சின்னச் சட்டி கல்லுமாதிரி உறைஞ்சு கிடக்கு. விக்கிறதுக்கு வாங்கிற பால்தான் இந்தக் கோலம்."

"ஆரிட்டை வாங்கிறனீங்கள்?"

"ரெண்டு இடம். தபால்காரர் கந்தையாவிட்டையும் தலைவர் வீட்டிலையும். ரெண்டையும் ஒண்டாக் கலந்து காய்ச்சுவன்."

"இண்டைக்கு வந்த பால் கலந்தாச்சோ?"

"இன்னும் இல்லை. உதிலை ரெண்டு செம்பிலையும் கிடக்கு."

சத்தியபாமா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். "அக்கா, மூண்டு சின்னச் சட்டி தாங்கோ. ஒரே அளவான சட்டி."

அருளம்மாவின் மாட்டுப் பால் ஒன்றில், கந்தையா வீட்டுப் பால் ஒன்றில், பரமலிங்கம் வீட்டுப் பால் ஒன்றில். மூன்றையும் தனித்தனியே காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டில் ஒரே மோரை ஒரே கரண்டியால் விட்டாள். சட்டிகளின் விளிம்பில் கரியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். வெயிலில் சுட்டுக்கிடந்த முற்றத்து மணலில் மூன்றையும் கழுத்துவரை புதைத்து, மேலே ஓலைப்பெட்டியைக் கவிழ்த்தாள்.

"மிஸ், நாங்கள் வந்தது பெனிசிலின் தேட" என்றான் சவிரிமுத்து.

"தேடிக்கொண்டுதான் இருக்கிறம். பால் தயிராகிறது ஆராலை?"

"மோராலை."

"மோருக்குள்ளை இருக்கிற பற்றீரியாவாலை. அது பெருகினால்தான் பால் உறையும். பெருகிறதெண்டால் ஒவ்வொண்டும் தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டவேணும். கலச்சுவர் எண்டு பேர். அந்தச் சுவரிலை நெட்டுக்குக் கிடக்கிற இழையளைக் குறுக்காலை இழுத்துக் கட்டுறதுக்கெண்டே ஒரு நொதியம் அதுக்குள்ளை வேலை செய்யுது."

"வேலிக்கு வரிச்சுக் கட்டுறவன் மாதிரி."

"அதேதான். பெனிசிலின் கட்டுக்கயிறு மாதிரி வேசம் போட்டுக்கொண்டு வரும். நொதியம் கயிறெண்டு நம்பிப் பிடிக்கும். பிடிச்ச கை பிறகு விடுபடாது. கட்டு விழாத சுவரை உள்ளை இருக்கிற அமுக்கம் தள்ளும். பற்றீரியா வெடிச்சுச் சாகும். இதை வெளிநாட்டிலை கண்டுபிடிச்சு இன்னும் பத்து வருசம் ஆகேல்லை."

"எங்களை ஏன் வெடிக்கப் பண்ணேல்லை?"

"எங்கட கலங்களுக்கு அந்தச் சுவரே இல்லை. கட்டுறவனும் இல்லை."

"வேலி இல்லாத காணிக்காரன் தப்பினான்" என்றவன், சட்டென்று வாயை மூடினான். மணலில் புதைந்த சட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப பாலுக்குள்ளை பெனிசிலின் இருந்தால்…"

"காய்ச்சினாலும் லேசிலை போகாது. மோர் விட்டாலும் உறையாது."

"பாலுக்குள்ளை அது எப்பிடி வரும்?"

"மாட்டுக்குள்ளாலை."

அடுப்படியிலிருந்து அருளம்மாவின் குரல் வந்தது. "மாடு எண்டவுடனைதான் நினைவு வருது. கந்தையாவின்ர மாடு போன கிழமை மடிவீங்கிப் படுத்துக் கிடந்தது. இப்ப துள்ளிக்கொண்டு திரியுது!"

சவிரிமுத்து கையைத் தட்டினான். "முடிஞ்சுது! தபால்காரர் எண்டபடியால் வீட்டுக்கு வீடு போற ஆள். திறப்பு எங்கை தொங்குது எண்டும் தெரியும். மிஸ், மத்தியான லோஞ்சுக்குப் போகலாம்."

"சட்டி இன்னும் வாய் திறக்கேல்லை" என்றாள் சத்தியபாமா.

கந்தையா தபால்பையை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்றார். மாட்டைப் பற்றிக் கேட்டதும் அவருடைய கண் மாட்டைத் தவிர எல்லாப் பக்கமும் போனது.

"மடிவீக்கம் தானாத்தான் வத்தினது. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினனான்."

"பாலிலை ஏதும் பிழையோ?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"என்ர பாலிலை என்ன பிழை? ஆர் சொன்னது? அருளம்மா சொன்னவவோ?" வேர்வை நெற்றியிலிருந்து மூக்குநுனிவரை ஓடியது.

"கள்ளன்" என்றான் சவிரிமுத்து, திரும்பி வரும்போது. "முத்திரை குத்தாத கள்ளன்."

பரமலிங்கம் வீடு பெரியது. கல்மதில் சுற்றிய வளவு, பின்பக்கம் பட்டி நிறைய மாடு. தலைவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, பிழையே விடாத மனிதர்களுக்கு வருகிற ஒரு செருமல்.

"துப்பறிய வந்தனீங்களோ? துப்பறிய என்ன கிடக்கு? ரெண்டு திறப்பு, ஒரு கள்ளி. நாலு மணிக்கு வாங்கோ, கடிதம் வாசிப்பன், கேட்டுப்போட்டுப் போங்கோ."

"நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகேக்கை உங்கட திறப்பு எங்கை இருந்தது, ஐயா?"

"அலுமாரிக்குள்ளை. என்ர வீட்டு அலுமாரிக்குள்ளை வைச்சது பாங்கியிலை வைச்ச மாதிரி."

அவருடைய மனைவி கமலாதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஐம்பது வயது இருக்கும். சேலை முந்தானையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. "நேர்ஸ் பிள்ளை சாப்பிட்டவவோ?" என்று சத்தியபாமாவிடம் மெல்லக் கேட்டாள். பதில் வருமுன் தலைவர் செருமினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

தலைவர் விலக்கற் கடிதத்தில் கையொப்பமிடப் பேனையைத் திறந்தார். மை இல்லை. மேசை லாச்சியைக் கிளறினார். "கமலா! பேனைக்கு மை விடுற ரப்பர்க்குழாய் எங்கை? நாலு நாளாய்த் தேடுறன். இந்த வீட்டிலை ஒரு சாமான் வைச்ச இடத்திலை இருக்காதோ?"

"பாங்கியிலையும் சில நேரம் தொலையும், ஐயா" என்றான் சவிரிமுத்து. சத்தியபாமா அவன் காலை மிதித்தாள். வலித்தது. ஆனால் மிதித்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, கமலாதேவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அவன் கவனித்தான்.

நாலு மணி. மருந்துச்சாலை விறாந்தையில் சபையார் எட்டுப் பேர், வேடிக்கை பார்க்க நாற்பது பேர். தலைவர் மேசையில் கடிதம். யாரோ ஒருவரின் பேனையால் கையொப்பம் விழுந்திருந்தது. மேரிஜோசப்பின் தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

அருளம்மா ஓலைப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். சத்தியபாமா சட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உதென்ன, தயிர்க்கடையோ?" என்றார் தலைவர்.

"சாட்சிகள், ஐயா. மூண்டு பேர். ஒரு நிமிசம்தான்."

எந்தெந்தப் பாலில் என்ன செய்தாள், பெனிசிலின் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாலு வசனத்தில் சொன்னாள். நொதியத்தின் கை ஒட்டிப்போகிற கதைக்கு நாற்பது பேரும் வாய்திறந்து கேட்டார்கள். தலைவர் கூடச் செருமவில்லை.

முதற் சட்டியைச் சரித்தாள். அருளம்மாவின் மாட்டுப் பால். தயிர் அசையவில்லை. "பாத்தியளோ!" என்றாள் அருளம்மா, உலகம் முழுவதுக்கும்.

"இரண்டாவது, கந்தையா அண்ணை வீட்டுப் பால்."

கூட்டத்தின் ஓரத்தில் கந்தையா கண்ணை மூடினார். சவிரிமுத்து அவர் ஓடினால் பிடிப்பதற்கு ஒரு காலை முன்னே வைத்தான். சத்தியபாமா சட்டியைச் சரித்தாள்.

உறைந்திருந்தது. விளிம்பில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது, அவ்வளவுதான். சவிரிமுத்துவின் முன்வைத்த கால் தானாகப் பின்னே போனது.

அருளம்மா எட்டிப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "உறைஞ்சுதான் கிடக்கு. ஆனால் உது பாலே? பாதி கிணத்துத் தண்ணி! கந்தையா, இவ்வளவு நாளும் எனக்குத் தண்ணியே வித்தனி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காலையில் ஓடிய வேர்வைக்குக் காரணம் எல்லோருக்கும் விளங்கியது. கந்தையா வேலிப்பக்கம் மறைந்தார்.

"மூண்டாவது" என்றாள் சத்தியபாமா. சிரிப்பு அடங்கியது. மிச்சம் இருந்தது யாருடைய பால் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் சட்டியைச் சரித்த மாத்திரத்தில் வெள்ளைப் பால் தண்ணீர்போல மேசையில் ஓடி, விலக்கற் கடிதத்தில் ஏறியது. தலைவரின் கையொப்பம் நீலமாகக் கரைந்தது.

பரமலிங்கம் எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. "என்னைக் கள்ளன் எண்டுறீரோ? நான் செவ்வாய்மட்டும் யாழ்ப்பாணத்திலை நிண்டனான்! அம்பது பேர் சாட்சி சொல்லுவினம்!"

"நீங்கள் நிண்டனீங்கள், ஐயா. உங்கட திறப்பு நிக்கேல்லை. அது வீட்டிலை இருந்தது. மருந்து எடுத்த ஆளுக்கு ஊசி தேவைப்படேல்லை. மடிவீங்கின மாட்டுக்கு மருந்தை முலைக்காம்பு வழியாலை ஏத்தலாம். அதுக்குச் சின்னதாய் ஒரு ரப்பர்க்குழாய் காணும். பேனைக்கு மை விடுற குழாய் எண்டாலும் காணும்."

தலைவர் வாய் திறந்தார். அதற்குள் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவரை ஒண்டும் கேக்காதேங்கோ. நான்தான் எடுத்தனான்."

கமலாதேவி முன்னே வந்தாள்.

"கறுப்பிக்கு மடி வீங்கிக் கல்லாப் போச்சுது. கண்டுக்குட்டியைக் குடிக்கவிடாமல் உதைச்சுது. மாட்டு டொக்டர் அடுத்த மாசம்தான் வருவார். போன வருசம் அவர் இந்த மருந்தைக் காம்பாலை ஏத்தினதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நேர்ஸ் பிள்ளையைக் கேட்டால், மனுசருக்கு வைச்ச மருந்து, தர ஏலாது எண்டு சொல்லுவா. அது நியாயம். அதாலைதான் கேக்கேல்லை. ஞாயிறு பின்னேரம் அவ கோயிலுக்குப் போன நேரம் திறந்து எடுத்தனான். கட்டியாய் விழுந்த பாலை நிலத்திலை ஊத்தினன். புதன்கிழமை வெள்ளையாய் வந்தது. சுகமெண்டு நினைச்சு மற்றப் பாலோடை சேத்துப்போட்டன்."

"எல்லாம் முடிஞ்சுதோ?" என்று மேரிஜோசப்பின் கேட்டாள். அன்று சபை முன்னால் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"நாலுதான் பாவிச்சனான்." கமலாதேவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு குப்பிகள், மூடி பிரியாமல். "தம்பியிட்டைச் சொல்லி யாழ்ப்பாணத்திலை வாங்கி ஆறையும் வைச்சுவிடுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ளை இவர் வந்து உம்மைக் கள்ளி எண்டுபோட்டார். பிறகு எனக்கு வாய் வரேல்லை. எடுத்தது மாட்டுக்காக. நாலு நாள் பேசாமல் இருந்தது மாட்டுக்காக இல்லை, பிள்ளை. பயத்திலை."

பால் மேசை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

சத்தியபாமாதான் முதலில் பேசினாள். "மருந்து கலந்த பாலை விக்கிறதும் பிழை, அக்கா. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத ஆள் ஒருத்தர் குடிச்சிருந்தால் உயிருக்கே மோசமாயிருக்கும். கடைசி மருந்து ஏத்தி ஒரு கிழமைக்கு அந்தப் பாலை ஊத்துங்கோ."

கமலாதேவி தலையசைத்தாள்.

பரமலிங்கம் நனைந்த கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போனார். மேரிஜோசப்பின் கையைக் காட்டித் தடுத்தாள்.

"கிழிச்சால் போதாது, ஐயா. கள்ளி எண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள். இல்லை எண்டு இந்த நாற்பது பேருக்கு முன்னாலை சொல்லுங்கோ."

பிழையே விடாத மனிதர் மூன்று முறை செருமினார். நாலாவது செருமலுக்குப் பிறகு சொன்னார். மெல்லத்தான் சொன்னார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கேல்லை!" என்று கத்தினான் சவிரிமுத்து, தூணுக்குப் பின்னால் நின்று.

தலைவர் திரும்பச் சொன்னார். இந்த முறை அருளம்மாவே திருப்தியாகும் அளவுக்குச் சொன்னார்.

மேரிஜோசப்பின் இரண்டு குப்பிகளையும் வெளிச்சத்தில் பிடித்து, மூடியையும் திகதியையும் பார்த்தாள். பிறகு ஊசிக்குழலைக் கொதிதண்ணீரில் போட்டாள். பையை அடுக்கினாள். அதை எடுக்கப் போகையில் கமலாதேவி முந்திக்கொண்டு தூக்கினாள். மேரிஜோசப்பின் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். தடுக்கவில்லை. இரண்டு பெண்களும் படியிறங்கினார்கள்.

சத்தியபாமாவும் சவிரிமுத்துவும் பின்னால் போனார்கள். கடற்கரை ஓரத்தில் கிடுகு வேய்ந்த வீடு. வாசலில் அன்னமுத்து கட்டுப்போட்ட காலை ஒரு கவிழ்த்த கடகத்தின் மேல் நீட்டிக்கொண்டு, கருவாட்டுக்கு வந்த காகத்துக்குக் கல்லெறிந்துகொண்டிருந்தாள்.

"மருந்து இல்லையெண்டு சொன்னனி, பிள்ளை?" என்றாள்.

"கிடைச்சிட்டுது, அன்னமுத்து அக்கா."

கமலாதேவி பையை இறக்கி வைத்தாள். தலைவர் வீட்டு அம்மா தன் வாசலில் நிற்பதைப் பார்த்து அன்னமுத்து எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

"எழும்பாதையும்" என்றாள் கமலாதேவி. "உம்மட மருந்தைக் களவெடுத்தது நான்தான். என்ர மாட்டுக்குப் போட்டுட்டன்."

அன்னமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். காகம் ஒன்று வந்து ஒரு துண்டுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"மாடு தப்பிச்சுதோ?"

"ஓம். நேற்றையிலையிருந்து கண்டு குடிக்குது."

"அப்ப மருந்து நல்ல மருந்துதான்" என்றாள் அன்னமுத்து. கையை நீட்டினாள். "போடு, பிள்ளை."